கலங்கல் கேட்டவர்

தண்ணீர் தெளிந்த அன்று காலையில்தான் நங்கூரம் தன்னுடைய தூண்டில் முள்ளைத் தண்ணீருக்குள் வைத்து முதன்முதலாகப் பார்த்தார்.

முப்பத்தோரு வருஷமாக அதே ஆற்றுமுகத்தில், அதே தடுப்புச் சுவரில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவர். உட்கார்ந்தால் மழை வந்தாலும் எழுந்திருக்க மாட்டார் என்பதால் படகுப் பட்டறை ஆட்கள் வைத்த பெயர் அது. வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு சாணுக்குக் கீழே ஆற்றில் என்ன இருக்கிறது என்பதை விரல்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறது. ஆறு எப்போதும் தேநீர் நிறம். தூண்டில் நரம்பு விரலில் தட்டும்; இது கல், இது சேறு, இது மீன் என்று அவர் புரிந்துகொள்வார்.

அன்றைக்கு எல்லாமே கண்ணுக்குத் தெரிந்தது. முள், முள்ளில் கோத்த இறால், இறால் காலை உதைப்பது, அதற்குக் கீழே இரண்டாள் ஆழத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பாதி புதைந்த ஒரு சைக்கிள். சைக்கிளைச் சுற்றிக் கொடுவா மீன்கள் நின்றன. சிறியது இல்லை. ஒன்றொன்றும் முழங்கை நீளம். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். ஒரு மீன் கிளம்பி இறாலுக்கு ஒரு கையளவு தூரம் வரை வந்தது. இறாலைப் பார்த்தது. பிறகு கொஞ்சம் மேலே, நரம்பு வெயிலில் மின்னுகிற இடத்தைப் பார்த்தது. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் சுவரில் ஈரத்தைக் கண்டமாதிரி, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டது.

மதியம்வரை பதினேழு மீன்கள் அப்படி வந்து பார்த்துவிட்டுப் போயின. ஒன்றும் வாயைத் திறக்கவில்லை.

ஐந்து மைல் மேலே கட்டிய புதுத் தடுப்பணையின் மதகை அந்த வாரம்தான் மூடியிருந்தார்கள். நகரத்துக்குக் குடிதண்ணீர். சேறு அணைக்குப் பின்னால் தங்கிவிட, வடிந்து வருகிற தண்ணீர் கழுவிய கண்ணாடி டம்ளர் போல வந்தது. ஊருக்கெல்லாம் சந்தோஷம். நங்கூரத்தின் வீட்டுக்காரிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அவர் வெறும் கூடையோடு வீட்டுக்கு வருகிறவரை.

அவள் படகுப் பட்டறைக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடை நடத்தினாள். ஊரே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட. நாலு பெஞ்சோடு ஆரம்பித்த கடை. அணை வேலைக்கு ஆட்கள் வந்தபோது எட்டுப் பெஞ்சானது. சோறு, குழம்பு, பொரித்த மீன். வேறு ஒன்றும் கிடையாது. காலை பதினொன்றுக்குள் நங்கூரம் பிடித்த மீன் அடுப்படிக்கு வந்துவிடும்; பன்னிரண்டரைக்கு முதல் இலை.

"என்னங்க, கூடை லேசா இருக்கு?"

"மீன் இருக்கு. வரமாட்டேங்குது."

"இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"பார்த்தேன்."

அவள் கரண்டியை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். வெயிலில் உட்கார்ந்து தலை சுற்றிவிட்டதோ என்று நினைத்தாள்.

"நிஜமாத்தான் சொல்றேன். எண்ணிக்கூடப் பார்த்தேன். பதினேழு. அதுல ஒண்ணுக்கு வால்ல ஒரு வெட்டு. அது மூணு தடவ வந்துச்சு."

"மூணு தடவ வந்தத நீங்க மூணு மீனா எண்ணியிருப்பீங்க," என்றாள் அவள். அன்றைக்கு உருளைக்கிழங்கைப் பொரித்தாள்.

மூன்றாம் நாளும் உருளைக்கிழங்கு. ஏழாம் நாள் முட்டை. பட்டறை வெல்டர் இலையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த மீனுக்கு ஏன் செதிலு இல்ல?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பரிமாறிவிட்டு உள்ளே வந்து அடுப்பை ஊதினாள். அணை வேலை முடிந்து அந்த ஆட்களும் லாரி ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். நாலு பெஞ்சை ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்துச் சுவரோரம் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை நகரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள், தண்ணீருக்குள் மீன் தெரிகிறது என்று கேள்விப்பட்டு. தடுப்புச் சுவரில் நங்கூரத்துக்கு இருபக்கமும் நின்று குனிந்து பார்த்தார்கள். குளிர்கண்ணாடி போட்ட ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பெரியவரே, பிடிங்க, வீடியோ எடுக்கிறேன்," என்றாள். அவருக்கு வயது ஐம்பத்து நாலு.

"அது வந்தாத்தானம்மா பிடிக்கலாம்."

"அதான் அங்க நிக்குதே."

"நிக்குது."

"பின்ன?"

அடுத்த நாள் காலை ரீலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நகரத்துக்குப் பஸ் ஏறினார்.

தூண்டில் கடை பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில், ஒரு பல் மருத்துவமனைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருந்தது. கடைக்காரம்மாவுக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. கடை முழுக்கத் தூசி. பேச்சுக்கு நடுவே தும்முவாள், தும்மிவிட்டு விட்ட இடத்திலிருந்து பிடிப்பாள்.

"என்ன ரீலு?"

"சுத்துற ரீலு."

"சுத்தாத ரீலு இங்க விக்கிறதில்ல. எடுங்க வெளிய."

ரீலை வாங்கிக் கைப்பிடியைச் சுழற்றிப் பார்த்தாள். சுருளில் இருந்த மஞ்சள் நைலானை நகத்தால் சுரண்டினாள். "ஸ்பின்னிங் ரீலு. சின்ன சைஸு. நல்லா வச்சிருக்கீங்க. இந்தக் கயிறத்தான் வாங்கி எத்தன வருஷம்?"

"கயிறில்லம்மா, நரம்பு."

"மீனுக்கு இப்ப இது கயிறாத்தான் தெரியும். உங்க ஆத்துல இருந்து இந்த வாரம் நீங்க நாலாவது ஆளு. தண்ணி தெளிஞ்சிடுச்சு, மீன் திரும்பிப் போகுது, அதானே?"

யாரோ தன் வியாதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டமாதிரி நங்கூரத்துக்கு நிம்மதியாக இருந்தது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

அவள் ஒரு கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி ஜன்னல் பக்கம் வைத்தாள். அவருடைய மஞ்சள் நைலானில் ஒரு முழம் வெட்டி உள்ளே விட்டாள். தண்ணீருக்குள் அது கீறல் விழுந்தமாதிரி தெரிந்தது. பக்கத்திலேயே வேறொரு சுருளிலிருந்து ஒரு முழம் வெட்டி விட்டாள். வெளியே இருந்த பாதி மின்னியது. தண்ணீருக்குள் போன பாதியை அவர் கண்ணை இடுக்கித் தேட வேண்டியிருந்தது.

"ஃப்ளோரோகார்பன். கண்ணாடி நரம்புன்னு சொல்லுவாங்க. சுத்தமா மறையாது, மங்கும். மீன் கண்ணுக்கு எப்படின்னு நான் மீனா இருந்து பார்த்ததில்ல. ஆனா கடிக்குதுங்கிறாங்க."

"இதையே குடும்மா."

"இருங்க. இதையேன்னா எதை? ஆறு பவுண்டு எடை தாங்குறது இருக்கு, எட்டு இருக்கு, பன்னண்டு, இருபது இருக்கு. உங்க ரீலுக்கு எட்டுக்கு மேல போகாதீங்க."

அவள் காட்டிய எட்டை அவர் விரலில் சுற்றிப் பார்த்தார். சட்டைப் பித்தான் தைக்கிற நூல்போல இருந்தது. "கொடுவா ஒரு உலுக்கு உலுக்கினா இது என்னத்துக்கு ஆகும்? இருபது குடு."

"சொல்றதக் கேளுங்க. இது நைலான் மாதிரி சாது இல்ல. விறைப்பு ஜாஸ்தி. சுத்தி வச்சா அந்தச் சுத்த மறக்காது. ஸ்பின்னிங் ரீல்ல சுருள் அப்படியே நிக்கும், நரம்பு வளையம் வளையமா கழண்டு போவும். தடிமனா போட்டீங்கன்னா..." தும்மினாள். "...தடிமனா போட்டீங்கன்னா வீசினதும் மொத்தச் சுருளும் துள்ளி மடியில வந்து உக்காரும்."

"வேற வழி?"

"இருக்கு. சுருள் முழுக்கப் பின்னல் நரம்பு சுத்திக்கிட்டு, முனையில மட்டும் ரெண்டாள் நீளத்துக்குக் கண்ணாடி நரம்பு கட்டிக்கலாம். அதுதான் நல்லது. ஆனா ரெண்டையும் சேர்க்கிற முடிச்சு கொஞ்சம் நுணுக்கம். விரல் பழகணும்."

நங்கூரம் வலதுகையை மேசைமேல் வைத்தார். மோதிரவிரலும் சுண்டுவிரலும் கம்பிபோல விறைத்து நின்றன. பட்டறையில் இழுவைக் கயிற்றில் மாட்டிய கை. அதற்குப் பிறகுதான் அவர் முழுநேரமும் தூண்டிலுக்கு வந்தார்.

கடைக்காரம்மா கையைப் பார்த்துவிட்டு ஜாடியை எடுத்து வைத்தாள். "அப்ப எட்டுதான். முள்ளுக்கிட்ட ஒரு முடிச்சு போதும்."

"இருபது," என்றார் நங்கூரம். எட்டில் பெரிய மீன் ஒன்று அறுத்துக்கொண்டு போவதை அவர் மனசு அதற்குள் இரண்டு தடவை பார்த்துவிட்டிருந்தது.

அவள் தோளைக் குலுக்கிவிட்டு இருபதையே சுற்றிக் கொடுத்தாள். சுற்றும்போது, "விளிம்பு வரைக்கும் ரொப்பக் கூடாது, ஒரு நெல்லு அகலம் விடணும்," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் முதல் வீச்சிலேயே நரம்பு இருபது அடி போனது. மீதி எல்லாம் விளிம்பைத் தாண்டிக் குதித்து, ரீலைச் சுற்றி, தூண்டில் தண்டைச் சுற்றி, அவர் மணிக்கட்டைச் சுற்றி, மடியில் ஒரு காக்கைக் கூட்டைக் கட்டிவைத்தது. வலதுகையின் நல்ல விரல்கள் மூன்றையும் இடதுகையையும் பல்லையும் வைத்துக்கொண்டு அவர் பிரித்தார். ஒரு வளையத்தை இழுத்தால் இன்னொன்று இறுகியது. வெயில் ஏறியது. கீழே மீன்கள் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தன. நிமிர்ந்து பார்த்தால் அவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று குனிந்தே இருந்தார். மதியம் சாப்பாட்டுக்கு வரவில்லை என்று வீட்டுக்காரி தேடிக்கொண்டு வந்தபோது, பாதி நரம்பைக் கத்தியால் அறுத்துக் காலடியில் போட்டிருந்தார்.

"வந்து சாப்பிடுங்க."

"என்ன இன்னைக்கு?"

"உருளைக்கிழங்கு."

"யாரு வந்தா?"

"வெல்டர் வந்தான். இன்னும் மூணு பேரு. மத்தவங்க முக்குக் கடைக்குப் போறாங்களாம். அங்க கோழி போடுறாங்க." அவள் அவர் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து சிக்கலில் ஒரு முனையைத் தேடினாள். "உங்க மச்சினன்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?"

"எதை?"

"அவன்தானே மதகுல உக்கார்ந்திருக்கான்."

அவளுடைய தம்பி அணையில் மதகு இயக்குபவனாக வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த வேலை கிடைத்தபோது அவள் கடையில் அன்றைக்குச் சாப்பிட்ட எல்லோருக்கும் இரண்டாவது மீன் துண்டை இனாமாக வைத்தாள்.

நங்கூரம் மறுநாள் ஐந்து மைலும் சைக்கிளில் போனார். அணைக்கு இந்தப்பக்கம் தெளிந்த தண்ணீர். அந்தப்பக்கம் பழைய தேநீர் நிறம், அகலமாக, அசையாமல். சைக்கிளை நிறுத்திவிட்டு அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மச்சினனின் அறை சுவருக்கு மேலே இருந்தது. ஒரு மேசை, மின்விசிறி, தண்ணீர்மட்டம் எழுதுகிற நோட்டு, ஒரு போன். சுவரில் பச்சைப் பொத்தான் ஒன்று, சிவப்புப் பொத்தான் ஒன்று.

"வாங்க அத்தான், உக்காருங்க. அக்கா நல்லா இருக்காளா?"

"இருக்கா. மாப்ளே, கொஞ்சம் திறந்து விடேன்."

"ஜன்னலையா?"

"மதகை."

மச்சினன் சிரித்தான். அத்தான் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினான். "எதுக்கு?"

"கலங்கல் வேணும்."

"என்னத்தான் இது. இந்தக் கலங்கல் வேணாம்னுதானே ஊரே இருபது வருஷமா மனு போட்டுச்சு. நீங்களும் கையெழுத்துப் போட்டீங்க. அக்கா போட்டா. நான்தானே வீடு வீடா வந்து வாங்கினேன்."

"போட்டேன்தான். இல்லன்னு சொல்லல."

"பின்ன?"

"மொத்தமா வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம். காலைல. ஒரு ஜாண் திறந்தாப் போதும். சேறு கொஞ்சம் கீழ வரட்டும். நரம்பு மறையிற அளவுக்கு."

மச்சினன் எழுந்து பொத்தான்களுக்குப் பக்கத்தில் போய் நின்றான். "இதுதான் பச்ச. இதை அமுக்கினா திறக்கும். என் கை எட்டுது, பாருங்க. உங்க கையும் எட்டும். ஆனா எப்ப அமுக்கணும், எத்தன ஜாண் திறக்கணும்னு போன்லதான் வரும். நானா அமுக்கினா அந்த நிமிஷமே அங்க லைட்டு எரியும்."

"அங்கன்னா எங்க?"

"தெரியாதத்தான். நான் பார்த்ததில்ல."

"போன்ல பேசறவரு யாரு?"

"சார்."

"அந்தச் சாரக் கேளு."

மச்சினன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். அக்கா கையால் வளர்ந்தவன். போனை எடுத்தான்.

"சார், வணக்கம் சார். ஒண்ணுமில்ல சார், மட்டம் எல்லாம் சரியா இருக்கு. ஒரு விஷயம். கீழ ஆத்துக்குச் சேறு கொஞ்சமாவது விடலாமான்னு... இல்ல சார், பழுது ஒண்ணும் இல்ல. கீழ மீன் பிடிக்கிறவங்க இருக்காங்க. இல்ல சார், மீனு சாகல. உயிரோடதான் இருக்கு." இங்கே அவன் அத்தானைப் பார்த்தான். "தூண்டில்ல கடிக்கமாட்டேங்குது சார்."

அந்தப்பக்கம் ஏதோ கேட்டது.

"வேற ஒண்ணும் இல்ல சார். சரி சார். சரி."

போனை வைத்தான். மின்விசிறி நோட்டின் தாளைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"என்ன சொன்னாரு?"

"வேற ஏதாவது இருக்கான்னு கேட்டாரு."

நங்கூரம் எழுந்தார். மச்சினன் வாசல்வரை கூடவே வந்தான். "அத்தான், கோவிச்சுக்காதீங்க. நான் வேலைய விட்டுட்டு வந்தாலும் நாளைக்கு இன்னொருத்தன் வந்து உக்காருவான்."

"உன்னை யாரு விடச் சொன்னா? ஞாயித்துக்கிழம சாப்பிட வா. அக்கா கேட்டா."

சைக்கிளை அவர் வீட்டுப்பக்கம் திருப்பவில்லை. ரீல் போட்ட துணிப்பை கைப்பிடியில் தொங்க, அப்படியே நகரத்துக்கு மிதித்தார். கடைக்காரம்மா அவரைப் பார்த்ததும் எட்டுப் பவுண்டுச் சுருளை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நான் அப்பவே சொன்னேன்" என்று அவள் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் கோபப்படவாவது வழி இருந்திருக்கும். அவள் சுருளைச் சுற்றிக்கொண்டே வேறு விஷயம் சொன்னாள்: "வீசி முடிச்சதும் கைப்பிடியச் சுத்தி, நரம்பப் பிடிக்கிற வளைகம்பிய மூடாதீங்க. கையால மூடுங்க. ஒரு இழு இழுத்து இறுக்கிட்டு அப்புறம் சுத்துங்க. முடிச்ச இறுக்குறதுக்கு முன்னாடி எச்சில் தொட்டுக்கணும். காய்ஞ்சு இறுக்கினா உரசி வெந்துபோவும்."

எச்சில் விஷயத்தை அவர் பாதிதான் காதில் வாங்கினார். மறுநாள் வாலில் வெட்டுள்ள மீனே வந்தது. வந்து, பார்த்து, எந்தத் தயக்கமும் இல்லாமல் இறாலை வாங்கியது. தண்டு வளைந்தது. அவர் எழுந்து நின்றுவிட்டார். பட்டறையில் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள், நங்கூரம் எழுந்து நிற்கிறாரே என்று. அடுத்த நொடி தண்டு நிமிர்ந்தது. நரம்பு முனை சுருண்டு, பொசுங்கிய தலைமுடிபோல வந்தது.

அன்று மாலை வீட்டுக்காரி அடுப்பைத் துடைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"குடுங்க இங்க. எத்தன சுத்து?"

"அஞ்சு. முதல்ல முள்ளு ஓட்டைக்குள்ள விடு. அந்தப்பக்கம் வாங்கு. இப்ப தன்னைத்தானே சுத்தணும். ஒண்ணு, ரெண்டு..."

"எண்ணத் தெரியும் எனக்கு."

"கடைசியில நுனிய அந்தச் சின்ன வளையத்துக்குள்ள விடணும். இறுக்காத. வாயில வை."

"எதை?"

"முடிச்ச. எச்சில் படணும்."

"முள்ளையா வாயில வைக்கச் சொல்றீங்க? எத்தன நாளா இந்த ஆச?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ரொம்ப நாள் கழித்து. அவள் முள்ளை விரலிடுக்கில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு முடிச்சை மட்டும் உதட்டில் ஈரமாக்கி மெதுவாக இழுத்தாள். முடிச்சு வழுக்கிக்கொண்டுபோய் உட்கார்ந்தது. அவர் அதைக் கதவுக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்தார். நின்றது. அன்றைக்கு அவள் ஆறு முள் கட்டிக் கொடுத்தாள், ஒவ்வொன்றையும் ஒரு முழ நரம்போடு, நரம்பு முனைக் கொக்கியில் மாட்ட மறுமுனையில் ஒரு வளையமும் போட்டு, தீப்பெட்டியில் சுற்றிவைத்து. அது தீர்ந்தால் இடையில் வந்து கட்டிக்கொண்டு போகலாம் என்று சொன்னாள்.

முதல் நாள் மூன்று மீன். அடுத்த நாள் ஐந்து. பெரியது உலுக்கினால் இழுக்காமல் ஓடவிடப் பழகினார். நரம்பை ஓடவிட்டு, நின்றால் சுற்றி, மறுபடி ஓடவிட்டு. எட்டுப் பவுண்டு தாங்கியது. பொரிக்கிற வாசனை பட்டறைக்குள் போனது. முக்குக் கடைக்குப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள். கவிழ்த்து வைத்த பெஞ்சுகளில் ஒன்றை அவள் எடுத்துத் துடைத்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து, அத்தான் முகத்தைப் பார்க்காமல் இலையைப் பார்த்துச் சாப்பிட்டான். வால்துண்டை நங்கூரம்தான் அவனுக்கு எடுத்து வைத்தார்.

பதினோரு நாள் இப்படிப் போயிற்று.

அவருக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது, வீட்டில் சொல்லவில்லை. தூண்டிலுக்குப் போடுகிற இறாலை அவர் விடியற்காலையில் கரையோரச் சேற்றில் கைவலையால் அள்ளுவார். முன்பெல்லாம் இரண்டு அள்ளலில் டப்பா நிறையும். எட்டாம் நாள் ஆறு அள்ளு அள்ள வேண்டியிருந்தது. பத்தாம் நாள் பாதி டப்பாதான். கரையில் சேறு இல்லை. அலை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குக் கொண்டுபோயிருந்தது, மேலிருந்து புதுச் சேறு வரவில்லை. காலடியில் மணல் நறநறத்தது. இறாலுக்கு அங்கே என்ன வேலை.

பன்னிரண்டாம் நாள் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து குனிந்து பார்த்தார். தண்ணீர் முன்னைவிடத் தெளிவு. சைக்கிளின் பெடல்கூடத் தெரிந்தது. சுற்றிலும் ஒன்றும் இல்லை. வெயில் வந்தால் வரும் என்று இருந்தார். வெயில் வந்தது. நீர் ஏறினால் வரும் என்று இருந்தார். நீர் ஏறி, வடிந்தது. தீப்பெட்டியில் சுற்றிய ஆறு முள்ளும் கட்டியபடியே இருந்தன. மீன் கண்ணில் படாத நரம்பு இப்போது அவர் கையில் இருந்தது. படாமல் இருக்க மீன்தான் இல்லை.

அடுத்த ஐந்து நாளும் போனார். படகுத்துறையின் அந்தக்கோடி, இந்தக்கோடி, பாறைக்குப் பின்னால். ஆறு பவுண்டு வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்கக் கடைக்குக்கூடப் போனார். கடைக்காரம்மா அவர் சொன்னதையெல்லாம் தும்மாமல் கேட்டாள். பிறகு, "வேண்டாம். விக்கமாட்டேன் உங்களுக்கு," என்றாள். "இறால் போன பின்னாடி மீன் என்னத்துக்கு நிக்கும்? மத்த மூணு பேருக்கும் இதத்தான் சொன்னேன்."

"எங்க போயிருக்கும்?"

"சாப்பாடு இருக்கிற இடத்துக்கு."

அவர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து தண்டைக் கதவுக்குப் பின்னால் சாத்தினார். இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது வீட்டுக்காரி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்:

"குளத்து மீன் லாரி வாரத்துக்கு மூணு நாள் மார்க்கெட்டுக்கு வருதாம். கொடுவாதானாம். வளர்க்கிறாங்களாம். வேற வழி எனக்குத் தெரியலங்க. நீங்க வேண்டாம்னா விட்டுடுறேன்."

"நான் ஏன் வேண்டாம்னு சொல்றேன்?"

"சொல்லமாட்டீங்க. அதான் கேட்டேன்."

திங்கட்கிழமை முதல் பெட்டி வந்தது. ஐஸில் வரிசையாக அடுக்கிய மீன்கள், எல்லாம் ஒரே நீளம், ஒரே எடை, ஒரே பார்வை. வீட்டுக்காரி சோறு வடிக்கப் போனாள். நங்கூரம் சாக்கைச் சுருட்டிப் போட்டு உட்கார்ந்து, பலகையை இழுத்துக்கொண்டு, செதில் சீவ ஆரம்பித்தார். கை தானாக வேலை செய்தது: வாலிலிருந்து தலைக்கு, திருப்பி, மறுபடி வாலிலிருந்து தலைக்கு. வயிற்றைக் கீறுவதற்கு முன்னால், அவர் எப்போதும் செய்கிற வழக்கமாக, பெருவிரல் மீனின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தது. முள் ஏறின ஓட்டை அங்கே ஒரு ஓரமாக இருக்கும். எந்த முள், எந்த நேரம், எப்படி வந்தது என்று அதைப் பார்த்தால் அவருக்கு நினைவு வரும். உதடு முழுசாக இருந்தது. அடுத்ததைப் பார்த்தார். அதற்கும் முழுசு. பெட்டியில் இருந்த இருபத்து நாலு மீனுக்கும் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மதியம் கூட்டம் வந்தது. மூன்றாம் பெஞ்சில் ஊருக்குப் புதுசான ஒரு லாரி டிரைவர் உட்கார்ந்தான். முதல் வாயிலேயே தலையை நிமிர்த்தினான்.

"அக்கா, மீன் அருமை. இந்த ஆத்து மீனா? வழியில ஒருத்தர் சொன்னாரு, இங்க வீட்டுக்காரரே தூண்டில் போட்டுப் பிடிக்கிறாருன்னு."

அவள் குழம்புச் சட்டியோடு நின்றாள். அடுப்படி வாசலில் கை கழுவிக்கொண்டிருந்த நங்கூரத்தைப் பார்த்தாள். வெல்டர் இலையைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"ஆமாப்பா," என்றாள். "இவருதான்."

டிரைவர் திரும்பி அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான். "நல்ல கைங்க உங்களுக்கு. எல்லாருக்கும் இது வராது."

நங்கூரத்தின் முழங்கைவரை செதில் ஒட்டியிருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய், அவளிடமிருந்து சட்டியை வாங்கினார். டிரைவரின் இலைப்பக்கம் குனிந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டார்.